அறுபதைத் தாண்டினால் ஆடும் கார்

ஆனந்தராஜின் காருக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை எந்தக் குறையும் இல்லை. அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் அவன் கையில் நடுங்கத் தொடங்கும். அறுபத்தைந்தில் டேஷ்போர்டு, கண்ணாடி, பின்சீட்டில் அடுக்கிய எண்ணெய்க் கேன்கள் எல்லாம் சேர்ந்து ஆடும். இருபது வருஷத்து மாருதி எண்ணூறு அது. திண்டிவனத்தில் அவன் நடத்தும் கடலை எண்ணெய்ச் செக்கிலிருந்து கடைகளுக்குச் சரக்குப் போட வாங்கியிருந்தான். இரண்டு பட்டறைகளில் காட்டியாகிவிட்டது. ஒருவர் டயர் என்றார், மாற்றினான். இன்னொருவர் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடு எண்ட் என்றார், அதையும் மாற்றினான். ஆட்டம் மட்டும் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே காரில்தான் விழுப்புரத்துக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டான். பக்கத்தில் அம்மா வெள்ளையம்மாள். பின்னால், பூவும் பழமும் வைத்த தட்டை மடியில் பிடித்துக்கொண்டு தாய்மாமன் அப்பாதுரை.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மாமா ஆரம்பித்தார். "வாடகை வண்டி எடுடான்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். டவுன் பஸ்ஸுகூட நம்மள ஓவர்டேக் பண்ணிக்கினு போறான்."

"அறுபதுக்கு மேல போனா ஆடும் மாமா."

"எப்பதான்டா ஆடாது இது?"

"நிறுத்தினா ஆடாது."

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பத்தரைக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள் விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது மணி பதினொன்றே கால். "பன்னண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள பாத்துட்டுக் கெளம்பிடணும்" என்று மாமா இறங்கும்போதே எச்சரித்தார்.

பெண்ணின் அம்மா அஞ்சலை தையல் வேலை செய்பவள். கணவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. கூடத்திலிருந்த தையல் மிஷினை ஓரமாகத் தள்ளி, அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியை விரித்திருந்தாள். பெண் பானுப்ரியா நீலப் பட்டுப்புடவையில் வந்து கேசரியும் காப்பியும் கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயது. தலையைக் குனியவில்லை. ஆனால் எதையோ யோசித்துக்கொண்டிருக்கிற முகம்.

"என்ன வேல பாக்கறம்மா?" என்றார் மாமா.

"கடையில பில்லு போடறா" என்று அஞ்சலை முந்திக்கொண்டாள்.

பானுப்ரியா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

மாமா இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்டார். வெள்ளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நாமளே கேட்டுக்கினு இருந்தா எப்படி? அது பரீட்சையா எழுத வந்துருக்குது? நீயும் எதுனா கேளும்மா. கூச்சப்படாத. எம்புள்ளகிட்டயே நேரா கேளு."

பானுப்ரியா நிமிர்ந்து ஆனந்தராஜைப் பார்த்தாள்.

"பிரேக் அடிச்சா வண்டி எந்தப் பக்கம் இழுக்குதுங்க?"

மாமாவின் கேசரிக் கரண்டி பாதி வழியில் நின்றது.

"இடது பக்கம்" என்றான் ஆனந்தராஜ். யோசிக்காமலே பதில் வந்துவிட்டது.

"ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்கும்போது டொக்குன்னு ஒரு சத்தம் வருதா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருமுனையில கால்வாய்க்கு மேல போட்ட கல்லுல ஏறினீங்க இல்ல? சமையக்கட்டுல நின்னுக்கினு இருந்தேன். கேட்டுச்சு."

"பானு!" என்றாள் அஞ்சலை, பல்லைக் கடித்த குரலில்.

"இரும்மா. இவங்க இதே வண்டியிலதான் ஹைவேல திரும்பிப் போவணும்." பிறகு வெள்ளையம்மாளிடம் திரும்பினாள். "நான் பில்லு மட்டும் போடலைங்க. தாண்டவராயன் ஆட்டோ ஸ்பேர்ஸ்ல ஆறு வருஷமா கவுன்ட்டர்ல நிக்கறேன். கீழ சக்கரத்தத் தாங்கற பால் ஜாயின்ட் போயிருக்கும்னு தோணுது. அது கழண்டா ஓடும்போதே சக்கரம் மடங்கிடும். எனக்குச் சொல்லாம இருக்க முடியல."

அஞ்சலை கண்களை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்ற முகம் அது.

வெள்ளையம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப மொதல்ல அதப் பாரும்மா" என்றாள்.

பெண் பார்க்க வந்த கூட்டம் வாசலுக்கு வந்தது. ஆனந்தராஜ் டிக்கியிலிருந்து ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் எடுத்தான். பானுப்ரியா பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். இடது முன்பக்கத்தைத் தூக்கியதும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தாள். பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினாள். டொக், டொக்.

"யாராவது பிரேக்க மிதிங்க."

"நான் மிதிக்கறேன்" என்று வெள்ளையம்மாள் ஓட்டுநர் சீட்டில் ஏறிவிட்டாள். அந்தச் சீட்டில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. "எதும்மா பிரேக்கு?"

"நடுவுல இருக்கறதுங்க. நல்லா அழுத்திப் புடிங்க."

பிரேக் பிடித்திருந்தபோதும் சத்தம் அப்படியே வந்தது. "பேரிங்கா இருந்தா பிரேக் புடிச்சதும் ஆட்டம் நின்னிருக்கும். இது பால் ஜாயின்ட்டேதான்" என்றாள். பிறகு மொபைல் வெளிச்சத்தை உள்ளே அடித்து, ஆனந்தராஜைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். வெள்ளை வேட்டியோடு அவன் மண்ணில் முட்டி போட்டான். சக்கரத்தையும் வண்டியையும் இணைக்கும் இரும்புக் கை ஒன்று தெரிந்தது. அதன் உள்முனையில் இருந்த ரப்பர் புஷ் கிழிந்து, கறுப்பு நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.

இரண்டு வருஷமாக அவனை ஆட்டிவைத்தது இந்தக் கட்டைவிரல் கனத்து ரப்பரும் ஒரு தேய்ந்த மூட்டும்தானா? அவனுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

"டயரு புதுசா இருக்குது. சும்மா மாத்திருக்கீங்க" என்றாள் அவள். "லோயர் ஆர்ம்னு இதுக்குப் பேரு. பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் சேந்து முழுசாவே கெடைக்கும். ரெண்டு பக்கமும் மாத்திடுவோம்."

அவள் போன் செய்த இருபது நிமிஷத்தில் கடை முதலாளி தாண்டவராயன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முன்னால் ஒரு பையில் இரண்டு புது லோயர் ஆர்ம்கள், ஸ்பானர் செட், இரும்பு ஸ்டாண்டு. "லீவு நாள்ல கடைய தொறக்க மாட்டேன். பானுவைப் பொண்ணு பாக்க வந்தவங்க வண்டின்னா தொறக்காம இருப்பனா?" என்றார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவன் வேட்டியில் இருந்த கறையைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையாட்டினார்.

மெக்கானிக் யாரும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. "நானே மாட்டிடுவேன்" என்று பானுப்ரியா உள்ளே போய்ப் பழைய சுடிதாருக்கு மாறி வந்தாள்.

அப்பாதுரை மாமா கடிகாரத்தைக் காட்டினார். "மணி பன்னண்டு அஞ்சு. எமகண்டத்துல ஆரம்பிக்கற காரியமா இது?"

"பழசக் கழட்டத்தாங்க ஆரம்பிக்கறேன். அது போயே தீரணும், நல்ல நேரந்தான்" என்றாள் பானுப்ரியா.

சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு பானுப்ரியாவும் ஆனந்தராஜும் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவள் கேட்ட ஸ்பானரை அவன் எடுத்துக் கொடுத்தான். முதலில் இரண்டு தடவை தப்பான அளவு. மூன்றாவது முறை அவள் கேட்பதற்கு முன்பே பதினேழாம் நம்பர் ஸ்பானரை நீட்டினான்.

"இதுக்கு முன்னாடி நாலு எடம் வந்துட்டுப் போனாங்க" என்றாள் அவள், நட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆம்பளைங்க நடுவுல நிக்கற வேலைன்னு மொகத்தத் திருப்பிக்கினாங்க. அதான் அம்மா பில்லுன்னு சொன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல."

"என் மேல எப்பவும் புண்ணாக்கு வாசனை அடிக்கும்" என்றான் ஆனந்தராஜ். "சோப்பு போட்டாலும் போவாது. அதுக்கே ரெண்டு எடத்துல வேணான்னுட்டாங்க."

அவள் மூக்கைச் சுளித்து முகர்ந்து பார்த்தாள். "எனக்குக் கிரீஸ் வாசனைதான் வருது."

"அது இப்ப வந்தது."

இருவரும் சிரித்தார்கள். ஜன்னலில் நின்றிருந்த அஞ்சலை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பில் குக்கர் ஏறும் சத்தம் கேட்டது.

உள்பக்கத்துப் போல்ட் மட்டும் வரவில்லை. இருபது வருஷத்துத் துரு. எண்ணெய் விட்டார்கள், தட்டினார்கள். ஆனந்தராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். தாண்டவராயன் இழுத்தார். அது அசையவில்லை. வாசல் திண்டில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பாதுரை மாமாவால் அதற்குமேல் இருக்க முடியவில்லை.

"நவுருங்கடா. நாப்பது வருஷமா ஏர்க்கலப்பை, பம்ப்செட்டு எல்லாம் கழட்டி மாட்டின கை இது."

வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, காலை வண்டியில் உதைத்துக்கொண்டு, "யேய்!" என்று ஒரே இழுப்பு. படீரென்று போல்ட் விட்டுக்கொடுத்தது. மாமா மல்லாக்க விழுந்தார். ஒரு கணம் எல்லோரும் பயந்துபோனார்கள். மாமா படுத்தபடியே குழாயைத் தூக்கிக் காட்டினார். தெருவே கைதட்டியது. எதிர்வீட்டு மாடியில்கூட ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் ஆனந்தராஜுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு மாமாவை அந்த இடத்தைவிட்டு நகர்த்த முடியவில்லை. வலது பக்கத்துப் போல்ட்டுகள் எல்லாம் அவர் கையால்தான் கழன்றன.

புது ஆர்ம்களை மாட்டி, சக்கரம் போட்டதும் ஆனந்தராஜ் உள்போல்ட்டை இறுக்கப் போனான். பானுப்ரியா தடுத்தாள். "இப்ப வேணாம். தூக்கி வச்சிருக்கும்போது இறுக்கினா, எறக்கினதும் புஷ்ஷு முறுக்கிக்கும். ஆறு மாசத்துல கிழிஞ்சிடும். வண்டி தன் கால்ல நின்ன பிறகுதான் முழுசா டைட் பண்ணணும்." சொன்னபடி வண்டியை இறக்கி, நாலைந்து முறை முன்பக்கத்தை அழுத்தி விட்டு, வண்டிக்கு அடியில் கையை நீட்டி இறுக்கினாள்.

அஞ்சலை வைத்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தபோது மணி மூன்றாகியிருந்தது. ஆனந்தராஜ் சாவியை பானுப்ரியாவிடம் நீட்டினான்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க."

பின்சீட்டில் அம்மாக்கள் இருவரும் ஏறிக்கொண்டார்கள். மாமாவும் தாண்டவராயனும் மிச்சக் கேசரியோடு வீட்டில் தங்கிவிட்டார்கள். முண்டியம்பாக்கம் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் வண்டி ஏறியது. ஐம்பது. ஐம்பத்தைந்து. ஆனந்தராஜின் கை தன்னாலேயே டேஷ்போர்டைப் பிடித்தது. அறுபது. அறுபத்தைந்து. எழுபது. ஸ்டியரிங் அவள் கைகளுக்குள் ஆடாமல் அசையாமல் இருந்தது. எண்பதில் அவள் ஒரு விரலால் மட்டும் பிடித்துக் காட்டினாள்.

"என்னாடா சத்தமே காணோம்?" என்றாள் வெள்ளையம்மாள். "வண்டி ஓடுதா, நிக்குதா?"

"ஓடுதும்மா! எண்பதுல ஓடுது!" என்று கத்தினான் ஆனந்தராஜ். அவன் குழந்தை மாதிரி சிரித்தான். பின்னால் அஞ்சலை வெள்ளையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முண்டியம்பாக்கத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டி அருகே நிறுத்தினார்கள். அம்மாக்கள் நிழலில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் ஆனந்தராஜ் தொண்டையைச் செருமினான்.

"எனக்குப் புடிச்சிருக்குங்க. உங்களுக்கு எப்படின்னு சொன்னா..."

பானுப்ரியா நகக்கண்ணில் இருந்த கறுப்பைச் சுரண்டினாள். "நான் கடைய விட மாட்டேன். கல்யாணம் ஆனாலும் திண்டிவனத்துலேர்ந்து தெனம் டிரெயின்ல வந்துட்டுப் போவேன்."

"டிரெயின் எதுக்கு? விழுப்புரத்துல பத்துக் கடைக்கு எண்ணெய் போடறேன். தெனம் இந்த வண்டிதான் வருது."

அவள் சிரிப்பை மறைக்க டம்ளரை வாயில் வைத்தாள். "நாளைக்கு மொத வேலையா வீல் அலைன்மென்ட் பண்ணுங்க. ஆர்ம் மாத்தினா பண்ணியே ஆவணும், இல்லன்னா டயர தின்னுடும். பண்ணிட்டு போன் பண்ணுங்க. அப்ப சொல்றேன்."

மறுநாள் திண்டிவனம் அலைன்மென்ட் கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஆனந்தராஜ் எட்டே காலுக்கே ஷட்டர் முன்னால் நின்றான். வேலை முடிந்து, கம்ப்யூட்டர் சீட்டு கைக்கு வந்ததும் போன் போட்டான். மறுமுனையில் கவுன்ட்டர் கூட்டம் இரைந்தது. யாரோ கிளட்ச் பிளேட்டு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சீட்ட அப்படியே படிங்க" என்றாள் அவள்.

அவன் முன்சக்கரம் இரண்டின் கணக்கையும் படித்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டாள்.

"எல்லாம் கரெக்டா இருக்கு."

"அப்ப நீங்க சொல்றேன்னது?"

"ஒரு நிமிஷம் இருண்ணே, தர்றேன்" என்று யாரிடமோ சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வர்ற ஞாயித்துக்கெழம உங்க அம்மாவை அழைச்சிக்கினு வாங்க. பூ வச்சிட்டுப் போவட்டும்" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அவன் அங்கேயே நின்றான். அலைன்மென்ட் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா சார், வேற எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்று ஆனந்தராஜ் அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான்.

செக்குக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வண்டியை எடுத்தான். ஆனால் அவன் பதிலோடு போய்ச் சேர்வதற்கு முன்பே வெள்ளையம்மாள் வாசலில் நின்றுகொண்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேருக்கு, தன் மருமகள் சக்கரத்தை ஆட்டியது எப்படி, தான் பிரேக்கை மிதித்தது எப்படி என்று காலை ஓங்கி மிதித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.