உதறல்

மேம்பாலத்து ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன், மறுபடியும் வந்துவிட்டது. முதலில் பாதத்தில், பிறகு ஸ்டியரிங்கில், அங்கிருந்து முழங்கை வரைக்கும். காலை எடுத்தால் நின்றுவிடும். பின்னால் ஆறு பிள்ளைகள், ஆறு புத்தகப் பைகள். வண்டி ஆடுதா என்று கேட்டேன். "ஆடுது மாமா" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு ஆறும் சீட்டில் குதிக்க ஆரம்பித்துவிட்டன. இதுகளை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? பள்ளி வாசலில் இறக்கிவிட்டுக் கதவுகளைச் சாத்தினேன்.

மூன்று வாரமாக இப்படித்தான். ஏன் மெக்கானிக்கிடம் காட்டாமல் இழுத்தடித்தாய் என்று கேட்டால், பயம். வண்டியில் கோளாறு இருக்குமோ என்ற பயம் இல்லை. இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்.

என் அண்ணன் தையல்காரர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. கண் மங்குகிறது என்று கண்ணாடி மாற்றினார். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கண்ணாடி. பிறகு தையல் கோணலாக விழுகிறது என்று மெஷின்மேல் பழி போட்டார். பார்க்க வந்த மூன்று ரிப்பேர்காரர்களும் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். மூவரையும் திட்டி அனுப்பினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அண்ணி சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அண்ணனும்தான். ஆடியது அவருடைய கட்டைவிரல் என்று டாக்டர் சொல்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அண்ணிதான் சோறு ஊட்டிவிடுகிறார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் போன மாதம் ஐம்பத்திரண்டு முடிந்தது.

அன்று நேராகப் பட்டறைக்கே போய்விட்டேன். மெக்கானிக் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், வாய் ஓயாதவன். வேகம் எடுக்கும்போது ஒரு உதறல் என்றேன்.

"யாருக்குண்ணே, வண்டிக்கா உங்களுக்கா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னான், பாவம். வண்டிக்குத்தான் என்று சொல்லிப் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைக் கம்பியால் நெம்பிப் பார்த்தான். எல்லாம் சரி. பிறகு அவனே ஓட்டினான், நான் பக்கத்தில். நாற்பது, அறுபது, எண்பது. குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் போனது வண்டி. என் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே இல்லையேண்ணே. வண்டி நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் வீட்டில் மூன்று முறை கேட்ட வார்த்தை. நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள் என்றான்; கால் மரத்துப்போச்சு என்று பொய் சொன்னேன். ஆறு வீடுகளும் கண்முன் வந்தன. எந்த அம்மாவிடம் முதலில் சொல்வது, என்னவென்று சொல்வது? ஒருவரிடமும் சொல்லாமல் இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பட்டறைக்குத் திரும்பிய பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. வழக்கமாக வண்டியில் யார் ஏறுவார்கள் என்று கேட்டான். சொன்னேன். தாடையைச் சொறிந்தபடி நின்றவன், எதிரே இருந்த தச்சுப்பட்டறையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டு, மரத்தூளோடு பின் சீட்டில் ஏற்றினான். மூன்று பேரும் நல்ல ஆகிருதி. மேம்பாலத்தில் ஏறி ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி என் பற்கள் வரைக்கும் வந்தது அந்த உதறல். ஓட்டியது அவன்!

நான் சிரித்தேன். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வண்டி கெட்டுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனுஷனை அந்தத் தச்சர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்.

கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற தண்டு. அதன் உள்மூட்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வழிந்து, மூட்டு தேய்ந்துபோயிருந்தது. கழற்றிக் கையில் வைத்து ஆட்டிக் காட்டினான். காலி வண்டியில் அது காட்டிக்கொடுக்காது, பாரம் ஏறி மேட்டில் அழுத்தினால்தான் தெரியும் என்றான். புதுத் தண்டு வந்து, மாட்டி முடிக்கும்வரை நான் சாப்பிடக்கூடப் போகவில்லை. கிழிந்த உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன், வண்டிதான், வண்டிதான் என்று. வேறு எதுவாக இருக்கும் என்று கேட்டாள். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"இப்ப நீங்க ஓட்டுங்கண்ணே."

அதே மூன்று பேர் பின்னால், அவன் பக்கத்தில். மேம்பாலத்தில் நன்றாகவே அழுத்தினேன். ஸ்டியரிங் கல் மாதிரி நின்றது. போயிடுச்சு என்றான் அவன். போயிடுச்சு என்றேன் நானும். இறங்கி வரும் வழியெல்லாம் தச்சர்கள் என் சிரிப்பைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன்.

பட்டறை வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சாவியை உருவினேன். கொத்தில் வீட்டுச் சாவி, பீரோச் சாவி, எதற்கென்றே தெரியாத பழைய சாவிகள் நாலைந்து. எஞ்சின் நின்ற அமைதியில் அவை கிணுகிணுவென்று ஒலித்தன. பிடியை இறுக்கினேன். ஒலி நிற்கவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் தச்சர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

மெக்கானிக் டாஷ்போர்டைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். கிரீஸ் அப்பிய தன் கையை நீட்டி அதன்மேல் வைத்தான். சாவிகள் அடங்கின. அவன் கையை எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட இன்னும் அரைமணி நேரம் இருந்தது.