பதினொரு பேர் ஏறாத லிஃப்ட்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு, நடக்காத ஒரு விபத்துக்காக நாற்பத்து மூன்று பத்திரிகைகளிடமும் தொலைக்காட்சிகளிடமும் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். பெரிய விபத்து என்றும் சொல்ல முடியாது. ஒரு வணிக வளாகத்தின் லிஃப்டில் பதினொரு பேர் இரண்டு மணி பத்து நிமிடம் சிக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். லிஃப்ட் செய்த நிறுவனம் அதற்காக மனமார வருந்தியது. ‘இருட்டில் நீங்கள் காத்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் நாங்கள் பொறுப்பு’ என்று அந்த மன்னிப்பு அறிக்கையில் ஒரு வரி வரும். எழுதியது நான்தான். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு லிஃப்டும் கிடையாது, அப்படிப் பதினொரு பேரும் கிடையாது.

என் தொழிலைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை புரிவதில்லை. ‘நெருக்கடி நேர மக்கள் தொடர்பு’ என்று என் கணவர் ஆரம்பத்தில் மூச்சு விடாமல் சொல்லிப் பார்த்தார். இப்போது “ஆபீஸ் வெச்சிருக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஒரு நிறுவனத்துக்கு மானம் போகிற மாதிரி ஏதாவது நடந்தால், ஊருக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது, யார் வாயால் சொல்வது என்று பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பதினாறு வருடம் பத்திரிகையில் மற்றவர்கள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, அதைக் காப்பாற்றவும் தெரியும் என்ற நம்பிக்கையில் வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆள் என்று பார்த்தால் நானும், நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாரும். தொலைபேசித் துறையில் புகார் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். யார் எவ்வளவு கத்தினாலும் “உங்க புகார் பதிவாயிடுச்சுங்க” என்று ஒரே குரலில் சொல்லக்கூடியவர். இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய படிப்பு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் தீப்பிடித்த பிறகு வாளி தேடக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் வாடிக்கையாளருக்கு என்னென்ன விபரீதம் வரலாம் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னிப்பை எழுதித் தயாராக வைத்துவிடுவோம். பிறகு ஒருநாள் ஒத்திகை. விபரீதம் நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, மன்னிப்பை எங்கள் ஐந்து சொந்த முகவரிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்போம். முந்தின நாள் எனக்கு ஒரு ஞானோதயம் உண்டானது. திரையில் ஐந்து தெரிந்த பெயர்களைப் பார்த்தால், அனுப்பும் பொத்தானை அழுத்தப்போகும் அண்ணிக்கு எப்படிப் பயம் வரும்? நாற்பத்து மூன்று பத்திரிகைப் பெயர்களும் அங்கே தெரிந்தால்தானே கை கொஞ்சம் நடுங்கும்? எனவே ஒத்திகைப் பட்டியலில் நிஜப் பட்டியலை அப்படியே கொண்டுவந்து வைத்தேன். பெயரை விட்டுவிட்டு முகவரியை மட்டும் எங்களுடையதாக மாற்ற வேண்டும். அதற்குள் யாரோ போன் செய்தார்கள். பேசினேன். மறந்தேன்.

முதல் நிருபர் அழைத்தபோது அண்ணிமீதுதான் பாய்ந்தேன். “எந்தப் பட்டியலுக்கு அனுப்பினீங்க அண்ணி?”

“நீ குடுத்த பட்டியலுக்குத்தாம்மா.”

“பாத்து அனுப்பக் கூடாதா?”

“பாத்துத்தான் அனுப்பினேன். நாப்பத்து மூணு பேர் இருந்தாங்க. இவ்ளோ பேரான்னு பயமாத்தான் இருந்துச்சு. பயப்படணும்னுதானே நீ சொன்ன?”

எங்கள் விசிட்டிங் கார்டில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ‘முதல் மணி நேரத்திலேயே உண்மை’ என்று அச்சடித்திருக்கிறோம். முதல் மணி நேரத்தில் நான் செய்தது, நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தது. லிஃப்ட் நிறுவனம்தான் எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர். மூன்று மாதச் சோதனை முடிந்து, வெள்ளிக்கிழமை ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால் கடையை மூடிவிட்டு, நான் பழைய பத்திரிகைக்கே போய், ‘எப்ப வருவேன்னு பாத்துட்டுத்தான் இருந்தோம்’ என்ற பார்வைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். இது எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

நிறுவனத்தின் முதலாளியை நாங்கள் லிஃப்ட்காரர் என்போம். பதினொன்றரை மணிக்கு அழைத்து, காது கூசுகிற அளவுக்குக் கத்தினார். நான்கு மணிக்கு மறுபடி அழைத்தபோது குரலில் தேன் வடிந்தது.

“மேடம், கட்டடக்காரங்க சங்கத் தலைவரே போன் பண்ணிட்டார். இந்தக் காலத்துல தப்ப தானா வந்து ஒத்துக்கறவன் யாருய்யான்னு கேக்கறார். டிவியில வேற நேர்மைன்னு போட்டுட்டாங்க.”

“சார், நடந்ததே இல்லையே சார். மறுப்பு எழுதிட்டிருக்கேன்.”

“எழுதாதீங்க. நல்லாத்தானே போயிட்டிருக்கு?” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “பாவம் மேடம், அந்தப் பதினொரு பேர்” என்றார்.

இதற்குள் பதினொரு பேரும் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒத்திகைதானே என்று அறிக்கையில் வளாகத்தின் பெயரை நான் போடவில்லை. அதனால் அவரவர் தமக்கு வசதியான லிஃப்டில் ஏறிக்கொண்டார்கள். புதன்கிழமை மதியத்துக்குள் சிக்கிக்கொண்டவர்கள் இருபத்தேழு பேர். ஒருவர் உள்ளே இரண்டு முறை மயங்கி விழுந்தாராம். இன்னொருவர் மற்ற பத்துப் பேருக்கும் தைரியம் சொன்னவராம், பாராட்டு விழா ஏதும் உண்டா என்று விசாரித்தார். ஒருவர் குடையை உள்ளேயே விட்டுவிட்டதாகவும், நீல நிறம், பிடி மட்டும் கறுப்பு என்றும் எழுதியிருந்தார். அண்ணி ஒவ்வொருவருக்கும் புகார் எண் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, எல்லாம் பொய். இதுக்கு எதுக்கு நம்பர்?”

“எதுக்கோ மனசு சரியில்லாமத்தானே கூப்பிடறாங்க. பதிஞ்சு வெச்சா என்ன குறைஞ்சுடும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு நாளாக உண்மையை வாய்க்குள் வைத்துக்கொண்டிருப்பவளுக்கு மற்றவர்கள் பொய்யைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மறுப்பை அனுப்பவில்லை.

வியாழக்கிழமை தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே, பத்திரிகையில் வந்த எங்கள் அறிக்கை, கத்தரித்து வெள்ளைத் தாளில் ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் திருத்தம். ‘பதினொரு பேர்’ அடிக்கப்பட்டு ‘நான்கு பேர்’. ‘இரண்டு மணி பத்து நிமிடம்’ அடிக்கப்பட்டு ‘மூன்று மணி நாற்பது நிமிடம்’. ‘கடந்த திங்கட்கிழமை’ அடிக்கப்பட்டு, பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. ‘எங்கள் ஊழியர்கள் உடனே விரைந்து வந்தனர்’ என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அடியில் மதிப்பெண், பத்துக்கு மூன்று. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் என்று கையெழுத்திட்டு முகவரியும் கொடுத்திருந்தார். இருபத்தெட்டாவது ஆள் என்று சிரித்தபடி தாளை அண்ணியிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“பொய் சொல்றவங்க எண்ணிக்கையைக் கூட்டித்தாம்மா சொல்வாங்க. இந்தம்மா குறைச்சிருக்காங்க. நீ நேர்ல போய்ப் பாரு.”

அன்று சாயங்காலமே போனேன். தரைத்தளத்தில் சின்ன வீடு. கணக்கு டீச்சர் ஒல்லியாக, நிமிர்ந்து, என் பள்ளியில் நான் பயந்து ஒதுங்கிப் போன அத்தனை டீச்சர்களும் சேர்ந்த மாதிரி இருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, தம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை எதுவும் நடக்கவில்லை, அது ஒத்திகைக்காக நானே கற்பனையாக எழுதியது, பட்டியலை மாற்ற மறந்ததும் நான்தான் என்று, இரண்டு நாளாக வெளியே யாரிடமும் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன்.

“தெரியும். நடந்ததுன்னா எந்த எடம்னு இருக்கணும்லம்மா? எந்த லிஃப்ட்னு யோசிச்சுக்கூட எழுதலையே நீ.”

பத்தொன்பது வருடத்துக்கு முன் பொதுத்தேர்வு விடைத்தாள்களைக் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இன்னும் மூன்று பேர், அதில் ஒரு பெண் நிறைமாதக் கர்ப்பிணி. விளக்கில்லை. விடைத்தாள் கட்டை விரித்து அந்தப் பெண்ணை அதன்மேல் உட்காரவைத்து, அவள் பயந்து அழாமலிருக்க ஒன்றாம் வாய்பாட்டிலிருந்து ஆரம்பித்து எல்லோரையும் திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லவைத்திருக்கிறார். பதினேழாம் வாய்பாட்டில் கதவு திறந்தது. “பதினேழு எல்லாருக்கும் தடுமாறும். அந்தப் பொண்ணு மட்டும் தப்பில்லாம சொன்னா” என்றார், இன்னமும் அந்தப் பெருமை போகாமல்.

பிறகு அந்த லிஃப்டைச் செய்த இதே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். ‘தாங்கள் குறிப்பிடும் நிகழ்வு எதுவும் எங்கள் பதிவேட்டில் இல்லை.’ ஒரே வரி.

“அப்புறம் நான் லிஃப்ட்ல ஏறினதில்லை. எம் பொண்ணு பதினாலாவது மாடியில இருக்கா. குடிபோய் ஆறு வருஷம் ஆச்சு. மூணு மாடின்னா உக்காந்து உக்காந்து ஏறிடுவேன். பதினாலு முடியல. அவளே கீழ வந்து, கார் நிறுத்தற இடத்துல நின்னு பேசிட்டுப் போறா. அவ வீட்டு ஜன்னல்ல நின்னா என்ன தெரியும்னு எனக்குத் தெரியாது.” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “பதிவேட்டுல இல்லைன்னு எழுதினாங்க பாரு, அதான்மா தாங்கல. தப்பாப் போட்ட கணக்கைக்கூட மன்னிச்சுடலாம். கணக்கே இல்லைன்னா?”

நான் திருத்தி எழுதுவதாகச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை. நாளைக்கு லிஃப்ட் நிறுவனத்தின் அலுவலகத்தில்தான் இருப்பேன், போனில் வாசித்துக் காட்டுகிறேன் என்றதற்கு அவர் தலையாட்டவில்லை. அச்சுக்குப் போவதற்கு முன் தாளைத் தம் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பழைய கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் அண்ணிக்குப் போன் செய்து, “பட்டியல் தப்பு என்னோடது அண்ணி, உங்க மேல பாஞ்சிருக்கக் கூடாது” என்றேன். “பதிவாயிடுச்சும்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை லிஃப்ட்காரர் மூன்றாவது மாடியில், தன் அறையில், புதுப் பேனாவோடு காத்திருந்தார். மேஜையில் ஒப்பந்தம். நான் அதன்மேல் என் தாளை வைத்தேன். அதில் இரண்டே பத்திதான். முதல் பத்தி, திங்கட்கிழமை எதுவும் நடக்கவில்லை, பிழை மக்கள் தொடர்பு பார்க்கும் எங்களுடையது. இரண்டாவது, பத்தொன்பது வருடத்துக்கு முன் நடந்தது, நான்கு பேர், மூன்று மணி நாற்பது நிமிடம், பிறகு ‘பதிவேட்டில் இல்லை’ என்று போன பதில்.

அவர் படித்துவிட்டுத் தாளைத் தள்ளினார். “மேடம், உங்களுக்குப் பித்தா? நடக்காததுக்கு மன்னிப்புக் கேட்டா பேர் வருது. நடந்ததுக்குக் கேட்டா கேஸ் வரும். இதெல்லாம் அப்பா காலத்துச் சமாச்சாரம். எவன் எழுதினானோ!”

“கையெழுத்து இருக்கு சார்” என்று பிளாஸ்டிக் உறையை நீட்டினேன்.

வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே வைத்துப் பார்த்தார். நான் முந்தின நாளே பார்த்திருந்தேன். எங்கள் மூன்று மாதச் சோதனை ஒப்பந்தத்தில் அவர் போட்டிருந்த அதே கையெழுத்து, கொஞ்சம் இளமையாக, அடியில் ஒரு சுழி அதிகமாக.

“அப்ப சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகலை,” என்றார். “அப்பா போடுறா ஒரு வரின்னார். போட்டேன். பதிவேட்டைப் பாக்கவே இல்லை.” பிறகு அசட்டுத்தனமாகச் சிரித்து, “கையெழுத்து அப்ப நல்லா இருந்திருக்கு” என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வரவேற்பிலிருந்து போன் வந்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் குழம்பிக் கேட்டது. “சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. ஏதோ தாளைத் திருத்தணுமாம். லிஃப்ட்ல போங்கன்னா வேணாம்னுட்டாங்க. படியிலதான் வராங்க. முதல் மாடியே இன்னும் தாண்டலை. நான் புடிச்சுக்கறேன்னாலும் விட மாட்டேங்கறாங்க.”

லிஃப்ட்காரர் எழுந்தார். ஒப்பந்தத்தையும் புதுப் பேனாவையும் விட்டுவிட்டு, என் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே போனேன். நடைவழிக் கோடியில் அவர் கை தன்பாட்டுக்கு லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டது. கதவு சத்தமில்லாமல் திறந்து, உள்ளே விளக்கெரிந்து, கண்ணாடியில் அவரே நின்றார். ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார்.

நான் மேலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே எங்கோ ஒரு படி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படி என்று செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே லிஃப்ட்காரருடைய ஷூ சத்தம் வேகமாக இறங்கி, இரண்டாவது மாடித் திருப்பத்தில் மெதுவாகி, ஒவ்வொரு படியாக வைத்துப் போயிற்று.