ஒன்பதாவது சுற்று

எங்கள் லேபில் வாழையைப் பாட்டிலில்தான் வளர்ப்போம். கிழங்கின் குருத்திலிருந்து நகக்கண் அளவு வெட்டி, சத்துச் சேர்த்த ஜெல்லியில் ஊன்றினால் அது நாலாய், ஐந்தாய்க் கிளைக்கும். பிரித்து மறுபடி ஊன்றுவோம். அது ஒரு சுற்று. எட்டுச் சுற்றுக்கு மேல் கூடாது. போனால் கன்று தன் தாயையே மறந்து திரிந்துவிடும். பாட்டிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வயலில்தான் குட்டு வெளிப்படும். அதனால் எட்டு முடிந்ததும் நல்லதை வேர் விட அனுப்பிவிட்டு மிச்சத்தை அவித்துக் கொட்டுவோம். சுற்றை எண்ணி எழுதுவது என் வேலை.

அண்ணனுக்கு வீட்டில் 'அவசரம்' என்று பெயர். பூ பூக்கும் முன்பே கூடையோடு நிற்பவர். அந்த வருஷம் உழுது, குழியும் எடுத்து முடித்த பிறகுதான் கன்று கேட்டு வந்தார். அடுத்த பருவம் வரை ஆட்கள் முன்பதிவு செய்திருக்கிறார்கள் என்றேன்.

"தங்கச்சி உள்ள உக்காந்திருக்கா, நான் வாசல்ல வரிசையில நிக்கணுமா?"

குழியை மூடி வைத்து அடுத்த வருஷம் திறவுங்கள் என்று அண்ணி கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

மறுநாள், கொட்ட வைத்திருந்த பாட்டில்களை எடுத்து இன்னொரு தடவை வெட்டினேன். பதிவேட்டில் எட்டு என்றே எழுதினேன். ஒரு சுற்றில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

கன்றுகள் கிளிப்பச்சையாக வந்தன. தங்கச்சி கையால் வெட்டியது என்று அண்ணன் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

ஏழாம் மாதம் போனேன். பாதிக்கு மேல் மரங்கள் இடுப்புயரத்திலேயே நின்றுவிட்டன. இலை சுருங்கி, வெள்ளை தீற்றியிருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனோ தண்ணீரை அதிகம் விட்டேன், உரத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன் என்று தன் மேலேயே குற்றம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உன் கன்னைக் கெடுத்துட்டேன்மா. லேபுல உனக்குக் கெட்ட பேரு வந்துடாதே?"

அப்போது சொல்லியிருக்கலாம். பரவாயில்லை அண்ணா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தப்புச் செய்த நான் அவரை மன்னித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. தன் கைக்கு விவசாயம் ஆகாது என்று அவரே முடிவு கட்டி, நிலத்தை விற்றுவிட்டு, ஒரு கிடங்கில் காவலுக்குப் போய்விட்டார். அண்ணி பூச்சட்டியில் செடி வைத்தால்கூட, நீயே தண்ணீர் ஊற்று, நான் தொடவில்லை என்பாராம்.

ஆறு வருஷம் கழித்து, போன மாதம் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வேலைக்கு இனி ஆபத்தில்லை என்று ஆனதும்தான் வாய் திறந்தது, அதையும் மறைப்பானேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி குழாயை மூடினார்.

"எட்டுக்கு மேல ஒரு தடவைதானா?" என்றார் அண்ணன்.

ஆமாம் என்றேன்.

"எனக்காகத்தானே செஞ்சே, அது போகட்டும். அன்னிக்கே சொல்லியிருந்தா, உன்னை நாலு திட்டு திட்டிட்டு மறு வருஷமே குழி எடுத்திருப்பேன்." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "ஆறு வருஷமா என்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"இப்பத் திட்டுங்கண்ணா."

"வயலே இல்லாம என்னத்தத் திட்டறது" என்று, வேலைக்குக் கிளம்பச் சட்டையைத் தேடினார்.