ஹைட்ரஜன் தண்ணீரும் மறுநாள் கால்களும்

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது கினுயோ பள்ளிக்கூட ஜிம்மின் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, பேத்தி எடுத்தவள், செய்கிற காரியமா இது? ஆனால் அது சாதாரணத் தண்ணீர் இல்லை. ஹைட்ரஜன் ஏற்றிய தண்ணீர். வெள்ளி நிறப் பையில் வரும். மூடியைத் திருகினால் ஒரே மூச்சில் காலி செய்துவிட வேண்டும். வைத்து வைத்துக் குடித்தால் ஹைட்ரஜன் பறந்துபோய் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும் என்று பையின் முதுகில் எழுதியிருந்தது.

ஆடுவதற்கு முன் குடித்தால் களைப்பு தெரியாதாம். மறுநாள் கால்வலியும் இருக்காதாம். கினுயோவுக்கு அந்த மறுநாள்தான் முக்கியம்.

அவர்கள் ஊர்ப் பெண்கள் வாலிபால் அணியில் ஒன்பது பேர். ஆளுக்கொரு இடம், ஆட்டம் முழுக்க மாறாது. பின்வரிசையின் நடு இடம், பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்திலிருந்து கினுயோவுடையது. எதிரணி ஓங்கி அடிக்கிற பந்தெல்லாம் அங்கேதான் வந்து விழும். தரையோடு தரையாகப் பாய்ந்து எடுக்க வேண்டும். பகல் முழுக்கக் கடையில் உருளைக்கிழங்கு கொரோக்கே பொரிக்கிறாள், சாயங்காலமானால் வீட்டில் யாருக்காவது துண்டு எடுத்துக் கொடுக்கிறாள். இது எனக்கு, இங்கே நான் நிற்பேன் என்று அவள் சொல்லக்கூடிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

அதற்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் நகிசா. முப்பத்தெட்டு வயது. வசந்தத்தில் ஊருக்குக் குடிவந்து அணியில் சேர்ந்தாள். விழுந்த வேகத்திலேயே எழுந்துவிடுவாள். ஆடி முடித்ததும் எல்லோருக்கும் முன்னால் துடைப்பத்தை எடுத்துத் தரையும் பெருக்குவாள். நல்ல பெண். வெறுக்கக்கூட வழி வைக்கவில்லை.

ஜூலையில் மாகாணப் போட்டி. சனிக்கிழமை ஜெயித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஆட வேண்டும். கேப்டன் யனாசேவுக்கு அறுபத்து மூன்று வயது. முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

"பின்வரிசை நடுவுக்கு ஒரே ஆளுதான். ரெண்டு நாளும் அவதான் ஆடணும், நடுவுல மாத்தினா எல்லாம் குழம்பிடும். இந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊரோட பயிற்சி ஆட்டம் இருக்குல்ல, நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி ஆடுங்க. மறுநாள் காலைல தெருச் சங்கத்துச் சுத்தம், எல்லாரும் தெருவுல புல்லு பிடுங்க வருவோம். யாரு அலுங்காம உக்காந்து எழுந்திரிக்கிறான்னு பாக்கறேன். அவளுக்குத்தான் இடம்."

அன்று ராத்திரியே கினுயோ ஹைட்ரஜன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டாள். பெட்டி வந்து இறங்கியதும் கணவர் மோரிஹிதே ஒரு பையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். பேருந்து ஓட்டுகிறவர், நாள் முழுக்கப் பயணிகளிடம் பணிவாகவே பேசிவிட்டு, பாக்கியை வீட்டில் வந்து தீர்த்துக்கொள்வார்.

"தண்ணிலயே ஹைட்ரஜன் இருக்குன்னுதானே பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க? அப்போ நம்ம குழாயில வர்றது என்ன?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுல தனியா சும்மா சுத்திக்கிட்டு இருக்கு."

"நம்ம பையன் மாதிரின்னு சொல்லு."

கினுயோ சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைபேசியில் எதையோ தேடிப் படித்தார். "சில ஆராய்ச்சில கொஞ்சம் உதவுதுங்கறாங்க. சிலதுல ஒண்ணும் இல்லைங்கறாங்க."

"உதவுதுன்னு சொன்னவங்களோடதை மட்டும் சத்தமா படிங்க."

இப்படி வாங்கின தண்ணீரைத்தான் கழிப்பறையில் ஒளிந்து குடித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டு, பையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தால், எதிரே மசுமி. அணியில் முன்வரிசை, கினுயோவுக்கு முப்பது வருஷத் தோழி. மூக்கு நீளம், வாய் அதைவிட நீளம்.

"உள்ள உறிஞ்சற சத்தம் கேட்டுச்சே. என்னடி அது சட்டைக்குள்ள பளபளன்னு?"

கினுயோவுக்குக் காது வரை சுட்டது. அந்த ஊரில் ஆட்டத்தில் தோற்கலாம், பந்தை விடலாம், கேப்டனிடம் திட்டு வாங்கலாம். ஒரு பொருளைக் கூட இருப்பவர்களுக்குத் தராமல் தான் மட்டும் தின்றாள், குடித்தாள் என்ற பெயரை மட்டும் வாங்கக்கூடாது. வாங்கினால் அடுத்த தலைமுறை வரை நிற்கும்.

"உங்க எல்லாருக்கும்தான் கொண்டு வந்தேன்," என்றாள். "முதல்ல நல்லா இருக்கான்னு நான் குடிச்சுப் பார்த்தேன். அவ்வளவுதான்."

சொன்னதை இனிச் செய்தாக வேண்டும். காரின் பின்பக்கம் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்திக்கும் இரண்டு கையாலும் நீட்டினாள். எல்லோரும் குனிந்து வாங்கினார்கள். நகிசாவின் முறை வந்தபோது கை ஒரு கணம் தயங்கியது. தயங்கினாலும் கொடுத்தது. எதிரணிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? அவர்களுக்கும் போயிற்று. பெட்டி காலியானதும் அட்டையை மடித்தபடி கினுயோ தன்னையே நொந்துகொண்டாள். நன்றாகப் போட்டிக்குத் தயாரானாய், போ.

ஆட்டம் தீயாக நடந்தது. கினுயோ தன் பாதியில் எடுக்க முடியாத பந்தையெல்லாம் எடுத்தாள். நகிசா தன் பாதியில் அதையே சிரித்துக்கொண்டு எடுத்தாள். யார் ஜெயித்தார்கள் என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

ஞாயிறு காலை கினுயோ மாடிப்படியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாக இறங்கி வந்தாள்.

"நண்டு வருது, வழி விடுங்க," என்றார் மோரிஹிதே, மிசோ சூப்பை உறிஞ்சியபடி. அவள் முறைத்ததும் குரல் மாறியது. "வேணும்னா நான் போய்ப் பிடுங்கறேன். நீ படுத்துக்கயேன்."

"செத்தாலும் போவேன்."

தெருவில் எல்லோரும் வந்திருந்தார்கள். நேற்று வாங்கிய பொருளுக்கு இன்று மறுபடியும் நன்றி சொல்ல வேண்டும், அது மரியாதை. மசுமி முதலில் வந்தாள், விளக்குக் கம்பத்தைப் பிடித்துப் பிடித்து.

"நேத்து அந்தத் தண்ணி பிரமாதம்டி! ஒரு வலி இல்ல பாரு."

"எனக்கும் அப்படியேதான். உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு," என்று இன்னொருத்தி சுவரோரமாக நகர்ந்துகொண்டே சொன்னாள். கொடுத்தவள் முகத்துக்கு நேரே வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் சொன்னார்கள். பிரமாதம், அற்புதம், எங்கே வாங்கினாய். கினுயோ ஒவ்வொரு பாராட்டுக்கும் குனிந்து நிமிர்ந்தாள். ஒவ்வொரு நிமிர்தலுக்கும் இடுப்பில் மின்னல் வெட்டியது. இவர்களுக்கெல்லாம் வேலை செய்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் செய்யவில்லை, வயதாகிவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பு கால்வலியைவிட அதிகமாக வலித்தது.

சாக்கடையோரம் வரிசையாகக் குந்தினார்கள். குந்தியவர்கள் எழவே இல்லை. ஓர் இடத்துப் புல் முடிந்ததும் தவளை மாதிரி அடுத்த இடத்துக்குத் தத்தினார்கள். நிமிர வேண்டியிருக்குமே என்ற பயத்தில் கண்ணுக்குத் தெரியாத முளையைக்கூடத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள். அந்தத் தெரு அவ்வளவு சுத்தமாக என்றுமே இருந்ததில்லை.

"போதும்மா, போதும்! எல்லாரும் எழுந்து வாங்க, குளிர்ந்த பார்லி டீ இருக்கு," என்று தெருச் சங்கத் தலைவர் கூப்பிட்டார்.

ஆண்கள் எழுந்து போனார்கள். வாலிபால் அணியில் ஒருத்தியும் அசையவில்லை. தலைவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். அப்போதும் தலைகள் குனிந்தே இருந்தன.

"என்னால முடியல!" நகிசாதான் கத்தினாள். "தொடை ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்கு. எழுந்திரிக்கவே வரல. கினுயோ அக்கா, மன்னிச்சுக்கோங்க. அந்தத் தண்ணி எனக்கு வேலை செய்யலக்கா!"

கேப்டன் யனாசே கழுத்தைத் திருப்பி கினுயோவைப் பார்த்தாள். இனி எழுந்து நின்றால் போதும். இடம் அவளுடையது. கினுயோ முழங்காலில் கையை ஊன்றி, பல்லைக் கடித்து, பாதி உயரம் வந்தும் விட்டாள். வந்தவளின் கண்ணில் நகிசா பட்டாள். வலியில் கண் கலங்கி, அப்போதும் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் இருக்கும்போது நான் இப்படி ஜெயித்து என்ன கிழிக்கப் போகிறேன் என்று கினுயோவுக்கு வெட்கமாகிவிட்டது. அப்படியே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எனக்கும் வேலை செய்யலடி. காலைல மாடிப்படிய பின்பக்கமா இறங்கினேன்."

"நான் உக்காந்து உக்காந்து இறங்கினேன்," என்றாள் மசுமி உடனே. "பஞ்சு மாதிரி இருக்குன்னாளே, இவ தெருமுனை வரைக்கும் புருஷன் முதுகுல வந்தா, நான் பார்த்தேன்." வரிசை முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் வயிற்றுத் தசை இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் சிரித்தார்கள். கேப்டன் மட்டும் இல்லாத புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கேப்டன், நீங்க எழுந்திருங்க பாப்போம்," என்றாள் மசுமி.

"நான் எதுக்கு எழுந்திருக்கணும்? முடிவு சொல்றவ உக்காந்துதான் சொல்லுவா."

"சரி, ஒண்ணு கேக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு யாரு கால் தாங்கும்னு இத்தனை கூத்து. மாகாணப் போட்டில நாம என்னைக்கு சனிக்கிழமை ஆட்டத்தை ஜெயிச்சிருக்கோம்?"

இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட இல்லை. சனிக்கிழமை மத்தியானமே தோற்று, உணவகத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிற அணி அது.

"அப்படின்னா சனிக்கிழமை கினுயோ," என்றாள் கேப்டன் கடைசியில், மண்ணைப் பார்த்தபடி. "ஜெயிச்சா, ஞாயித்துக்கிழமை நகிசா. குழம்பினா குழம்பட்டும்."

கினுயோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே மூச்சில் இன்னொன்றும் புரிந்தது: உயிரைக் கொடுத்து ஆடி ஜெயித்தால், மறுநாள் தன் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். தோற்றால் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம், எப்போதும் போல வீட்டுக்கு வந்துவிடலாம்.

நகிசா குந்தியபடியே தத்தித் தத்தி அவள் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, நான் இதுவரைக்கும் பெரிய போட்டியில ஆடினதே இல்லக்கா. எப்படியாவது சனிக்கிழமை ஜெயிச்சுக் குடுத்திடுங்களேன்."

இத்தனை காலமாக அந்த இடத்தில் நின்றவளிடம் ஜெயித்துக் கொடு என்று ஒருவரும் கேட்டதில்லை. கினுயோ மண் ஒட்டிய கையை நீட்டினாள்.

"ஜெயிச்சுக் குடுக்கறேன். முதல்ல என்னைத் தூக்கிவிடு."