ஜாடியின் அடிக்கீறல்

அம்மா விட்டுப்போன கண்ணாடி ஜாடி அசல் பழசென்றால் விற்றுவிடுவது, இல்லையென்றால் தங்கையே வைத்துக்கொள்வது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான். பழசாக இருந்துவிடக் கூடாதே என்று தங்கை வேண்டிக்கொண்டாள்.

பழம்பொருள் கடைக்காரர் ஜாடியைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியால் அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"புழங்கின ஜாடின்னா கீறல் நாலா பக்கமும் ஓடும். இதுல எல்லாம் ஒரே திசையில இருக்கு. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பழசாக்கியிருக்காங்க. விலைக்குப் போகாது."

"பழசுன்னு சொல்லி அம்மா தலையில எவனோ நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்," என்று அண்ணன் சிரித்தான். "நீயே வச்சுக்கம்மா."

தங்கை தலையாட்டினாள். ஆனால் அம்மா, தண்ணீர் நிறைந்த ஜாடியைக் கல்மேடை மூலையிலிருந்து கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துத்தான் எடுப்பாள். காலியானதும் தூக்கித்தான் திரும்ப வைப்பாள். அந்தக் கரகரப்பு இன்னும் மகளின் காதில் இருந்தது.

கீறல் ஒரே திசையில் இருப்பது அதனால்தான் என்று சொன்னால் ஜாடி கைவிட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால் அம்மா ஏமாளியாகவே இருந்துவிடுவாள்.

"என்ன முழிக்கிற, சந்தோஷம்தானே?" என்றான் அண்ணன்.

"தெரியலண்ணா," என்றாள். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் கடைக்காரரையே பார்த்தாள்.