பெரிய வெள்ளியன்று வெட்டிய மீன்

வக்கீல் நாறும்பூநாதன் ஜவுளிக்கடையில் சேலை விரிப்பதுபோல் வழக்கிலிருந்து தப்பும் வழிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். பெனோ அன்று ஊரிலேயே இல்லை என்று சொல்லலாம். ஆனால் காலையில் அவன் வாசலில் நின்று பல் தேய்த்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. தற்காப்புக்காக வெட்டினான் என்றால் எதிராளி கையில் பைபிள்தான் இருந்தது. திடீர் ஆத்திரம் என்றால் தண்டனை குறையும், போகாது. புத்தி பேதலித்திருந்தது என்பதை பெனோவின் அம்மா தேவமணி ஒத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் வேலை திரும்பக் கிடைக்காதாம். மிச்சம் இருந்தது விபத்து.

எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் வெட்டுப்பட்ட ரீபா, பெனோவின் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்பு, பெரிய வெள்ளி ஆராதனைக்குக் கிளம்பி நின்றவளை, தன் தம்பியோடு போனில் சிரித்துப் பேசினாள் என்பதற்காக அவன் அரிவாளால் வெட்டினான். வலது கை விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தச்சநல்லூரில் தம்பி வீட்டுக்குப் போனாள். நாலு வயதுப் பிள்ளை டார்லின் பாளையங்கோட்டையில் தேவமணியிடமே தங்கிவிட்டது. பிள்ளையைக் கேட்டுப் போட்ட வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. கடைசியில் தேவமணியே கூப்பிட்டுச் சொன்னாள்: “கோர்ட்டுல விழுந்தேன்னு மட்டும் சொல்லு. புள்ளையத் தாரேன்.”

வக்கீல் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு ரீபாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். விளமீன் வெட்டிக்கொண்டிருந்தாள், எழும்போது வழுக்கி அரிவாள்மணைமேல் விழுந்தாள். அரிவாள் என்று ஒன்று போலீசுக்குக் கிடைக்கவே இல்லை என்பதால் கதை பொருந்திவிடும் என்றார். ஏழு முறை சொல்ல வைத்தார். அவர் வேறு மதம், பாவம், அந்தத் தேதி அவருக்கு வெறும் தேதி. அந்த வீட்டில் லெந்து நோன்பு நாற்பது நாளும் முட்டைகூட நுழையாது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி ஆராதனை முடியும்வரை அடுப்பே எரியாது. கதையின் ஓட்டை ரீபாவுக்கு முதல் முறையிலேயே தெரிந்துவிட்டது. அவரைத் திருத்தவில்லை. சொன்னபடி சொல்லிவிடலாம், பிள்ளை வந்துவிடும். பொய்யை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார்கள். அவளுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

கடவுள் சாட்சியாக உண்மையே சொல்வேன் என்று சொல்லிவிட்டு மீன் வெட்டிய கதையைச் சொன்னாள். அரசு வக்கீல் அவளைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, போலீசிடம் ஏன் வேறு மாதிரி சொன்னாய் என்று கடமைக்குக் கேட்டார். மயக்கத்தில் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை என்றாள். சம்பவத் தேதியை அவரே உரக்கப் படித்தார், படித்துவிட்டு உட்கார்ந்தார். தட்டச்சர் இஸ்ரவேல் மட்டும் விரல்களை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் சபைக்காரர்தான். நீதிபதி “ம்” என்றார். இஸ்ரவேல் ‘மீன்’ என்று அடித்தார்.

பின் பெஞ்சில் தேவமணி இருந்தாள். ஒருமுறை கோழிச்சாறு வாசம் வந்ததற்காக லெந்தில் அடுத்த வீட்டோடு சண்டைக்குப் போனவள். சேலையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள்.

பெனோ விடுதலையான அன்று ரீபா பிள்ளையைக் கேட்டாள். தேவமணி பைய சொன்னாள்: “தாரேன்னுதான சொன்னேன். கொண்டுட்டுப் போன்னு சொல்லலியே. இங்கன வந்து இரு.”

போனாள். வேறு என்ன செய்வாள்?

விருந்துக்கு விளமீன் வந்திருந்தது. ரீபா இடது கையால் மீனைப் பிடித்துக்கொண்டு அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தாள். ஆறு வயது டார்லின் ஓடி வந்து, அரிவாள்மணையின் பலகையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனது.

“நீ தொடாதம்மா. அன்னைக்கு மாதிரி விழுந்துருவ.”

“யாரு பிள்ள சொன்னா?”

“யாரும் சொல்லல. நாந்தான் பாத்தேன்லா.”

அன்று பெனோ வெட்டும்போது பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ரீபாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முற்றத்திலிருந்து பெனோ தேங்காய் உடைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தான். தேவமணி குனிந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்த அந்த அரிவாளை உருவி எடுத்தாள். டார்லின் அதை வாங்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கொஞ்சமும் பயமில்லாமல் அப்பாவிடம் நடந்தது.