பலிக்கோவாவின் உயரம்

உகாண்டாவின் ஜிஞ்சாவில் சூரிய விளக்கு விற்கும் அலுவலகத்தில், வெள்ளிக்கிழமைப் பலகையில் யார் விற்பனை எண் கடைசியாக நின்றதோ அவர் திங்கட்கிழமை ஒரு விரற்கடை குள்ளமாக வேலைக்கு வந்தார். பலகையை மாட்டியவள் குழுத்தலைவி நைகாகா. யார் உழைக்கிறார், யார் மாமர நிழலில் உறங்குகிறார் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் மாட்டினாள். தெரியவும் செய்தது. உறங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள், குறைந்த விரற்கடை குறைந்ததுதான் என்று காற்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டார்கள். மூத்தவர் பலிக்கோவா மட்டும் வாராவாரம் குறைந்துகொண்டே போனார். புது விளக்கு விற்கப் போகிற வழியில், விளக்கு கெட்டுப்போன வீடுகளில் உட்கார்ந்து பழுது பார்த்துவிடுவார். பலகையில் அதற்குக் கட்டம் இல்லை.

"அண்ணனுக்கு இனி சைக்கிள் எதுக்கு? கோழி மேல ஏறிப் போகலாமே" என்று குழுவில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போது அவர் நைகாகாவின் இடுப்பளவு இருந்தார்.

"அண்ணே, இந்த வாரமாவது வித்துட்டு மட்டும் வாங்களேன்" என்று நைகாகா கெஞ்சினாள்.

"நான் வித்த விளக்கு, தங்கச்சி. இருட்டுல உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட என் நம்பரையா காட்டச் சொல்றே?"

பழுது பார்ப்பதற்கும் ஒரு கட்டம் போட அனுமதி கேட்டுக் கம்பாலா தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தால் முடிகிற காரியம். வேலை போய்விடுமோ என்று பயந்து மழைக்காலம் முழுவதும் இழுக்காமல் இருந்தாள். கடைசியில் இழுத்த அன்று பலிக்கோவா எல்லோரிலும் முதலாவதாக வந்தார். அப்போது அவர் ஒரு வாழைச்சீப்பின் உயரம் இருந்தார். திரும்ப வளரவில்லை. நைகாகா பலகையின் அடியில், கடைசி இடத்தில், தன் பெயரை எழுதினாள். திங்கட்கிழமை அவள் செருப்பு காலுக்குப் பெரிதாயிருந்தது.

பலிக்கோவாவை வீட்டுக்கு அழைத்துப் போக அவர் மனைவி ககோயா கூடையோடு வந்தாள்.

"யாரும்மா செஞ்சது?"

"நான்தான் அக்கா."

ககோயா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பாவாடை தரையில இழுபடுது. மடிச்சுத் தச்சுக்கோ" என்றாள்.

நைகாகா வண்டி வரைக்கும் கூடவே நடந்தாள். அவர் உட்கார்ந்திருந்த கூடையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ககோயா சொன்னதற்கு நடத்துனர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மடியில வைக்க அது சாமானா? ஆளும்மா. சீட்டுல உட்கார வை."

பலிக்கோவா ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். வண்டி நிறைந்ததும் கிளம்பியது.